முதல் தட்டு விழாத பாட்டு

உட்கார்ந்தால் தேவானந்தத்துக்கு வலது கால் ஆடும். சாப்பிடும்போது ஆடும், சர்ச்சில் பிரசங்கம் கேட்கும்போது ஆடும், கணபதி என்ற பகுதியில் அவன் வைத்திருந்த மோட்டார் வைண்டிங் கடையில் குனிந்து செம்புக் கம்பி சுற்றும்போதும் ஆடும். "நீங்க ஆட்டற ஆட்டத்துல செவுத்துல காலண்டர் தானா மாசம் மாறிக்கும் போலிருக்குதுங்க" என்பாள் அவன் மனைவி சாராள். முன்பெல்லாம் அந்தக் கால் ஏதாவது ஒரு தாளத்துக்கு ஆடியது. தம்பி மெர்வின் செத்துப்போன பிறகு தாளமே இல்லாமல் ஆட ஆரம்பித்தது. அந்த வித்தியாசம் சாராளுக்கு மட்டும் தெரிந்தது.

அண்ணனும் தம்பியும் சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்தவர்கள். அப்பா பீளமேட்டுப் பக்கம் ஒரு மில்லில் நூல் பிரிவில் இருந்தார். மில் மூடியபோது தேவானந்தம் ஐடிஐ முடித்திருந்தான். உடனே கம்பி சுற்றப் போய்விட்டான். மெர்வின் பத்து வயசு இளையவன். அவனைப் படிக்கவைத்தான் அண்ணன். சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் சேர்ந்தவன், பாடப் புத்தகத்தைவிட ஹாஸ்டல் மேசையைத்தான் அதிகம் தட்டினான். தட்டித் தட்டி டிரம்ஸ் வாசிக்கக் கற்றுக்கொண்டான். தேவானந்தத்துக்கு நாலு கம்பி கிட்டார், அடியில் தும் தும் என்று போவது. இருவரும் மயில்சாமி நடத்திய மெல்லிசைக் குழுவில் சேர்ந்தார்கள். பகலில் மோட்டார், சாயங்காலம் கல்யாண ரிசப்ஷன், மாசி முதல் வைகாசி வரை கோயில் நோம்பித் திருவிழாக்கள் என்று நாள் ஓடியது.

ஒரு நாள் மெர்வின் ஹாஸ்டலிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தான். மேல் அட்டையில்லை, பேர் எழுதியிருந்த இடத்தில் எண்ணெய் விரல் பதிந்திருந்தது. போட்டான். தேவானந்தம் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு எழுந்து, டேப் ரிக்கார்டரின் வயரை ஆட்டிப் பார்த்தான்.

"ஏன்டா, எதோ விட்டு விட்டு வருது?"

"விட்டுத்தாண்ணா வரோணும். அதுதான் பாட்டு."

ரெகே என்றான் மெர்வின். எங்கோ ஒரு தீவில் பிறந்த தாளம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் உலகமே ஒன்றில்தான் ஓங்கி அடிக்கும். இதில் ஒன்றில் அடி கிடையாது. காலியாக விட்டுவிட வேண்டும். டிரம்ஸ் மூன்றில் வந்து விழும். கீபோர்டு இரண்டிலும் நான்கிலும் 'சக், சக்' என்று கிள்ளிவிட்டு நகர்ந்துகொள்ளும். அந்தக் காலி இடத்தில்தான் உடம்பு தானாக அசையும். கேசட்டில் இருந்தவர்கள் இங்கிலீஷில் பாடினார்கள், பாதி புரியவில்லை. அன்பு, ஒற்றுமை, எழுந்து நில் என்ற மாதிரி வார்த்தைகள் மட்டும் அடிக்கடி வந்தன. கேட்கக் கேட்க மனசு லேசானது.

"இதுல தமிழ்ல ஒண்ணு போடோணுமுண்ணா" என்றான் மெர்வின். ஒரு மாசத்தில் போட்டும்விட்டான்.

*தண்ணி மொதல்ல குடு, பேரு பொறவு கேளு.*
*வெயில்ல நடந்து வந்தவன் யாரா இருந்தா என்ன?*
*நகந்து எடம் குடு, நீயும் பக்கத்துல உக்காரு.*
*ஒத்த மரத்து நெழலுக்கு வேலி போட்டது யாரு?*

கொங்குநாட்டில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் வரும். அதைப் பற்றி ஊருக்கே பெருமை உண்டு. ஆனால் சில வாசல்களில் பேர் கேட்ட பிறகுதான் எந்த டம்ளர் என்று முடிவாகும். நோம்பிக்கு நோம்பி ஊர் ஊராகப் போன மெர்வினுக்கு அதுவும் தெரியும். பாட்டில் அதைத் திட்டவில்லை. சந்தோஷமாக, ஆடுகிற மாதிரி, முதல் வரியில் வைத்துவிட்டான்.

குழுவில் கீபோர்டு வாசித்தவன் காஜா. உக்கடத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். அந்த 'சக், சக்' அவனுக்கு ஒரே நாளில் கைவந்தது. மூவருமாகக் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார்கள். மேடையில் ஒரு தடவைகூட வாசிக்கவில்லை. "சனம் சினிமாப் பாட்டுக் கேக்கத்தான் வருது கண்ணு, அடுத்த நோம்பிக்குப் பாத்துக்கலாம்" என்றே மயில்சாமி நாளைக் கடத்தினார். தொண்ணூற்றாறில் பொள்ளாச்சி ரோட்டில், கச்சேரிக்குப் போகும் வழியில், மெர்வினின் வண்டி மீது ஒரு லாரி ஏறியது.

அதற்கப்புறம் தேவானந்தத்துக்கு ஒரே ஒரு எண்ணம். அந்தப் பாட்டை ஒரு தடவை, ஊர் கேட்க, முழுசாக வாசித்துவிட வேண்டும். அது நடக்காதவரை தம்பியை அடக்கம் செய்தது பாதியில் நிற்பது போலிருந்தது. கடையில் பொருத்திய மோட்டாரைத் திரும்பப் பிரித்துப் பார்ப்பான். வீட்டில் கேஸை மூடினோமா என்று எழுந்து போவான். சர்ச்சில் ஜெபத்தின் நடுவே வெளியே வந்து செருப்பை நேராக வைத்துவிட்டு உள்ளே போவான்.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் நகரத்தில் குண்டுகள் வெடித்தன. பிறகு எல்லோருக்குமே அவன் கால் மாதிரி ஆகிவிட்டது. முக்குக்கு முக்கு மணல் மூட்டை, போலீஸ், பை சோதனை. நின்றிருக்கும் சைக்கிளைப் பார்த்தால்கூட சனம் தள்ளி நடந்தது. ஒரு நாள் காஜா கீபோர்டுப் பெட்டியோடு வந்தபோது செக்போஸ்டில் திறக்கச் சொன்னார்கள். "இது வாத்தியமுன்னா வாசிச்சுக் காட்டு" என்றாராம் போலீஸ்காரர். நடு ரோட்டில் பெட்டியை மடியில் வைத்து ஒரு சினிமாப் பாட்டு வாசித்தான். "இன்னொண்ணு வாசி" என்றாராம். "கையெழுத்துக் கேக்காம உட்டாரே, அதச் சொல்லுங்க" என்று சிரித்தான் காஜா. தேவானந்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்திரையில் மயில்சாமி கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். அது நல்ல சகுனமில்லை.

"உடுமலப்பேட்டப் பக்கம் ஒரு நோம்பி கண்ணு. மாரியாத்தா கோயிலு. வெளக்கு வெக்கற நேரத்துல ஆரம்பிச்சு வெரசா முடிச்சுக்கோணுமாம். தென்னந்தோப்புக்காரங்க, நல்ல சனம். உன்ற தம்பி பாட்ட வெச்சுக்கலாம். சாமி பாட்டு முடிஞ்சதும் மொதப் பாட்டா வெச்சுக்கலாம். முழுசா."

தேவானந்தத்தின் கை நின்றது. "நெசமாலுமாண்ணா?"

"ஆமாங்கண்ணு. ஒண்ணே ஒண்ணு..." மயில்சாமி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "காஜா பாய் மட்டும் இந்தத் தடவ வேண்டாமுங்கறாங்க. கோயில் கமிட்டில சொல்லிப்போட்டாங்க. கோவமெல்லாம் இல்ல. பயந்துக்கறாங்க. கீபோர்டுக்கு உடுமலையில ஒரு பையன் இருக்கறான்."

தேவானந்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. கம்பியை எடுத்து மறுபடி சுற்ற ஆரம்பித்தான். சுற்றிக்கொண்டிருக்கும் மனுசன் சம்மதித்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டு மயில்சாமி போய்விட்டார்.

அன்று மத்தியானமே உக்கடம் போனான். காஜாவின் கடையில் ரிப்பேருக்கு வந்த ரேடியோக்கள் அடுக்கியிருந்தன. குண்டு வெடித்த பிறகு வாங்கிப்போக வேண்டியவர்கள் இந்தப் பக்கம் வரத் தயங்கினார்கள். தேவானந்தம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் கடைக்கு வெளியே போய், திரும்பி உள்ளே வந்து சொல்லி முடித்தான்.

காஜா சால்டரிங் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தைத் தூக்கவில்லை.

"போங்கண்ணா. மெர்வின் பாட்டு என்னால நிக்கக் கூடாது."

"நீ இல்லாம அது பாட்டாடா?"

"ரெண்டுலயும் நாலுலயும் வெக்கச் சொல்லுங்க அந்தப் பையங்கிட்ட. ஒண்ணுல கைய வெச்சான்னா மணிக்கட்டுல ஒண்ணு போடுங்க." அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "டீ குடிச்சுட்டுப் போங்கண்ணா" என்றான். தேவானந்தம் டீ குடிக்காமல் வந்துவிட்டான். வழியெல்லாம் அது உறுத்தியது. குடித்திருக்கலாம்.

"போறீங்களாக்கும்?" என்று கேட்டாள் சாராள்.

"மெர்வினுக்காக."

"மெர்வின் இருந்தா போயிருப்பானுங்களா?"

அவன் கால் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த ஊரில் வரவேற்பெல்லாம் குறையில்லை. கோயில் தர்மகர்த்தா செங்கோடன் ஐம்பது தாண்டிய தோட்டக்காரர். வேனிலிருந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே இளநீர் வெட்டிக் கொடுத்தார். "குடிங்க, குடிங்க, வெயில்ல வந்திருக்கறீங்க" என்றார். தேவானந்தம் பாதி குடித்த இளநீரைக் கீழே வைத்தான். செங்கோடனுக்கு அன்று பாட்டைவிடக் கரண்டைப் பற்றித்தான் கவலை. மெயின் சுவிட்ச் பெட்டியை விட்டு நகரவில்லை. போன மாசம் அவர் தோட்டத்தில் மோட்டார் கருகியிருந்தது. மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போய்விட, மிச்ச இரண்டில் மோட்டார் உறுமி உறுமி, சூடேறி, ஆள் ஓடிவருவதற்குள் புகைந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் கிணறு வைத்திருக்கும் எவருக்கும் அந்தச் சத்தம் தெரியும். பேச்சின் நடுவே, சோற்றின் நடுவே, காதில் விழுந்த கணத்தில் எழுந்து ஸ்டார்ட்டரைப் பார்த்து ஓடுவார்கள்.

பொழுது இறங்கியதும் ஆரம்பித்தார்கள். மயில்சாமி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். சாமி பாட்டு ஒன்று முடிந்ததும் மைக்கில், "அடுத்து ஒரு புதுப் பாட்டு, கேட்டு ஆதரவு தரோணும்" என்றார். டிரம்ஸில் நஞ்சுண்டன். மெர்வினுக்குப் பிறகு வந்தவன். ஒன்றில் அடிக்காமல் இருக்கச் சொன்னது அவனுக்குச் சோற்றில் உப்பு போடாதே என்று சொன்ன மாதிரி. "கை தானா எறங்குதுங்க" என்று முனகிக்கொண்டே பழகியிருந்தான்.

பாட்டு கிளம்பியது. நஞ்சுண்டன் ஒன்றை விட்டுவிட்டு மூன்றில் அடித்தான். தேவானந்தத்தின் நாலு கம்பி பெரிய ஸ்பீக்கர்களில் உம்ம்ம், உம்ம்ம் என்று உறுமியது. கீபோர்டுப் பையன் இரண்டில் கிள்ளினான், நான்கைத் தவறவிட்டான், பிறகு ஒன்றில் வைத்தான். தப்பு என்று தெரிந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். இருந்ததெல்லாம் உறுமலும், நடுநடுவே ஒரு பள்ளமும்தான். தேவானந்தம் பாடினான். "தண்ணி மொதல்ல குடு..."

உம்ம்ம். பள்ளம். உம்ம்ம். பள்ளம்.

இந்தச் சத்தம் தனக்குத் தெரிந்த சத்தம் என்று அவன் உள்ளுக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. என்ன என்று புரிவதற்குள் எல்லா விளக்கும் அணைந்தது.

"ஆப் பண்ணிட்டேன்! ஆப் பண்ணிட்டேன்! பயப்படாதீங்க!" இருட்டில் செங்கோடனின் குரல். "ஒரு பேஸ் போயிருச்சு!"

சனம் கத்தியது. குழந்தைகள் விசிலடித்தன. ஆட்கள் டார்ச்சோடு ஓடி ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாகவே இருந்தது. விளக்கு மறுபடி வந்தபோது செங்கோடன் மேடையோரம் நின்று கையைப் பிசைந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. மோட்டாரு ரெண்டு பேஸுல ஓடற மாதிரியே கேட்டுதுங்க. லைட்டக்கூட நிமுந்து பாக்கல நானு. கை தானா சுவிட்சுக்குப் போயிருச்சு. அடிபட்டவன் பாருங்க." சங்கடத்தோடு சிரித்தார். "ஆனா எதோ ஒண்ணு இல்லீங்களே அதுல? என்ற காது அவ்வளவு மோசமில்லீங்க."

தேவானந்தத்துக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன் கடைக்கு அந்தச் சத்தத்தோடு ஒரு மோட்டார் வந்தால் அவனும் அதைத்தான் செய்திருப்பான்.

"பேஸ் போகலீங்க" என்றான். "ஆளு இல்லீங்க."

"எந்த ஆளுங்க?"

"நீங்க வேண்டாமுன்னு சொன்ன ஆளுங்க. அவரு வாசிக்கறதுதானுங்க அந்த எடம்."

மயில்சாமி அவன் காலை மிதித்தார். கரண்ட் வந்தபோதே மைக்கும் உயிர்பெற்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. புளியமரத்துக் குழாய் ஸ்பீக்கர் அந்த வார்த்தைகளை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டது. விசிலடித்துக்கொண்டிருந்த குழந்தைகள்கூட நிறுத்தின. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது: "யாரைய்யா வேண்டாமுன்னது?"

செங்கோடன் கழுத்தைத் தடவிக்கொண்டு சுவிட்ச் பெட்டிக்கே திரும்பிப் போனார்.

"ஊம், மொதல்ல இருந்து எடு" என்றார் மயில்சாமி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"இல்லீங்கண்ணா. அது காஜா இருந்தாத்தான்."

"இத உட்டா இன்னொரு மேடை கெடைக்காது, பாத்துக்க."

"தெரியுமுங்கண்ணா."

கிட்டாரைக் கழற்றி உறையில் போட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் போய் நின்றான். உட்கார முடியவில்லை. சினிமாப் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின, கை தட்டினார்கள். அவன் வேனைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான்.

மயில்சாமி அதன்பிறகு கூப்பிடவில்லை. காஜாவையும் கூப்பிடவில்லை. வேலையில்லாத மத்தியானங்களில் காஜா கீபோர்டோடு கணபதிக்கு வர ஆரம்பித்தான். நோம்பியில் நடந்ததைக் கேட்டுவிட்டு, "என்னய மோட்டாரு பேஸுன்னா சொன்னீங்க? டிரான்ஸ்பார்மருன்னு சொல்லியிருந்தா ஒரு மருவாதியா இருந்திருக்கும்" என்றான். அவ்வளவுதான். பாட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை. தேவானந்தம் முன்னைவிட மோசமானான். கடைக்கு வந்ததும் பூட்டைப் பார்க்க வீட்டுக்குத் திரும்பிப் போவான். கிடைத்த ஒரு மேடையையும் கையால் தள்ளிவிட்டோம், இனி தம்பிக்கு எப்போது என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டேயிருந்தது.

ஆனி மாசம், நல்ல வெயிலில், ஒரு டெம்போ கடை முன்னால் வந்து நின்றது. செங்கோடன் இறங்கினார். பின்னால் ஒரு மோட்டார், கருகின நாற்றத்தோடு. தேவானந்தம் கிரீஸ் கையோடு எழுந்தான்.

மூலையில் இருந்த காஜா, வந்தவர் யாரென்று தெரியாமல், பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு நீட்டினான். "வெயில்ல வந்திருக்கறீங்க, குடிங்க." செங்கோடன் வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "தம்பி யாருங்க?" என்று கேட்டார்.

"கீபோர்டுங்க" என்றான் தேவானந்தம்.

செங்கோடன் சொம்பைக் கீழே வைக்காமல் நின்றார். காஜாவைப் பார்த்தார். கீபோர்டைப் பார்த்தார். பிறகு காலி சொம்பையே நீட்டினார். "இன்னும் சித்த ஊத்துங்க தம்பி."

அதையும் குடித்து முடித்தார்.

"உடுமலையில வைண்டிங் கடை இல்லீங்களா?" என்றான் தேவானந்தம்.

"இருக்குதுங்க. கம்பி கட்டிக் குடுத்தாங்க, மறுபடியும் போயிருச்சு." அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துப் பேசினார். "கமிட்டில பேசுனப்ப நானு வேண்டாமுன்னு சொல்லலீங்க. வேண்டாமுன்னவங்களத் தடுக்கவும் இல்ல. ரெண்டும் ஒரே கணக்குத்தான். ஊருக்குள்ள இன்னும் அதத்தான் பேசிக்கறாங்க. ஊட்டுல சோறு போடறப்பக்கூட 'யாரைய்யா வேண்டாமுன்னது'ன்னு கேக்கறாங்க. அந்தப் பாட்டு... முழுசா எப்படிங்க இருக்கும்?"

தேவானந்தம் காஜாவைப் பார்த்தான். காஜா செங்கோடனைப் பார்த்தான். அவன் எழுந்து போய்விடுவான் என்று தேவானந்தம் நினைத்தான். காஜா கீபோர்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான்.

டிரம்ஸ் இல்லை. தேவானந்தம் கிட்டாரைச் சின்னப் பெட்டி ஸ்பீக்கரில் மாட்டி முக்காலியில் உட்கார்ந்தான். ஒன்று காலியாகப் போனது. இரண்டில் காஜா. மூன்றில் தேவானந்தத்தின் வலது கால் தரையில் ஓங்கி விழுந்தது. நான்கில் காஜா. மறுபடி ஒன்று காலி. செங்கோடனின் கை மடியிலிருந்து கிளம்பிச் சுவரில் இருந்த சுவிட்சை நோக்கிப் பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது. அவர் அதைப் பிடித்து இழுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் போனதும் அந்தக் கை முழங்காலில் தட்ட ஆரம்பித்தது. தப்பாகத்தான், ஒன்றில். பிறகு மூன்றுக்கு வந்து சேர்ந்தது.

நாலு வரியும், திரும்ப நாலு வரியும், மெர்வின் வைத்திருந்த அந்தக் கடைசி இழுப்பும். பாட்டு முடிந்தது. ரோட்டில் ஒரு பஸ் போனது.

"முடிஞ்சுபோச்சுங்களா?" என்றார் செங்கோடன்.

"முடிஞ்சுபோச்சுங்க."

"நல்லா இருக்குதுங்க. சந்தோசமா இருக்குது. யாரு கட்டுனது?"

"என்ற தம்பிங்க."

"எங்கீங்க அவரு?"

தேவானந்தம் வாயைத் திறந்தான். காஜாதான் மெதுவாகச் சொன்னான். செங்கோடன் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

இந்த நாளுக்குப் பிறகு நிம்மதி வரும் என்றுதான் தேவானந்தம் இத்தனை காலம் நம்பியிருந்தான். வரவில்லை. பாட்டு பாதியில் கிடந்தவரை தம்பிக்குச் செய்ய ஒரு வேலை பாக்கி இருந்தது. காலையில் எழுந்தால் அது காத்திருந்தது. இப்போது அதுவும் தீர்ந்துவிட்டது. மெர்வின் இல்லை என்பது, இரண்டு வருசம் கழித்து, ஒரு மத்தியானத்தில், கருகின மோட்டார் பக்கத்தில், அவனுக்கு வந்து சேர்ந்தது. கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் கிரீஸாகிவிட்டது.

காஜா சிரிக்கவில்லை. விரல்களைக் கட்டையிலிருந்து எடுக்கவும் இல்லை.

தேவானந்தத்தின் கால் ஆட ஆரம்பித்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"காஜா," என்றான். "இன்னொருக்கா போடலாமாடா?"